23 பேர், நாலு சஹன், ஐம்பது நிமிடத் தாமதம்: கிண்ணியாவிலிருந்து வந்த எங்கள் நத்தார்ச் சாப்பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் கடையின் பெயர் இல்லை. கடை என்று ஒன்று இருந்தால்தானே பெயர் இருக்க? கிண்ணியாவில் ஒரு வீடு, பின்வளவில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று விறகடுப்பு, ஒரு வட்ஸ்அப் நம்பர், அவ்வளவுதான். "எழுதட்டுமா நானா?" என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டபோது (நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன்), "எழுதுங்க டீச்சர், பேர மட்டும் போடாதீங்க, வாற ஓடரையே சமாளிக்க ஏலாம இரிக்கி" என்றார். ஆகவே நம்பர் வேண்டுபவர்கள் கிண்ணியாப் பக்கம் தெரிந்த யாரையாவது பிடியுங்கள். சஹன் சாப்பாடு யார் செய்கிறார்கள் என்று கேட்டால் நாலைந்து வீடு சொல்வார்கள், அதில் ஒன்று இவர்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்குச் சுருக்கம்: சோறு அருமை, கோழி அருமை, வட்டிலப்பத்துக்காகவே மறுபடி எடுப்பேன். நேரத்துக்கு வரவில்லை, ஒரு சஹனில் உப்புக் குறைவு, அச்சாற்றில் கஞ்சத்தனம். ஐந்துக்கு நாலு. இவ்வளவு போதுமென்றால் இங்கேயே நிறுத்தலாம். மிச்சத்தை நான் எழுதுவது பாதி என் அம்மாவின் ஏச்சுக்குப் பயந்துதான்.

எங்கள் வீட்டில் நத்தாருக்கு வெளியே சாப்பாடு எடுக்கிற வழக்கமே கிடையாது. நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், கோழி, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி எல்லாம் அம்மாவும் பெரியம்மாவும் விடியப்புறம் பூசையிலிருந்து வந்து இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டு எழும்பி ஆக்குவார்கள். 2024இல் அது முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால், பெரியம்மாவுக்குக் கண், எனக்குக் கை இருக்கிறது ஆனால் 23 பேருக்குச் சமைக்கிற தைரியம் இல்லை. அதோடு கடல். வெளியூர்க்காரர்களுக்குத் திருகோணமலை என்றால் நிலாவெளியின் நீலத் தண்ணீரும் புறாமலைக்குப் போகும் வள்ளங்களும்தான் ஞாபகம் வரும், அதெல்லாம் சோழகக் காலத்துக் கதை. வாடை தொடங்கி டிசம்பர் மழையும் பிடித்துவிட்டால் கடல் கறுத்துப் பொங்கும், வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும், சந்தையில் இருக்கிற நாலு மீனுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் அடுத்த வருட நத்தாருக்குச் சேர்த்து வைக்கலாம் போல இருக்கும். நண்டு இல்லாத நத்தாரா என்று சித்தப்பா முகத்தைத் தூக்கினார். நண்டு வாங்கித் தாருங்கள் ஆக்கித் தருகிறோம் என்றதும் முகம் இறங்கிவிட்டது.

என்னோடு படிப்பிக்கிற ஒருவர்தான் இந்த நம்பரைத் தந்தார். சஹன் தெரியாதவர்களுக்கு: அரபில் சஹன் என்றால் தட்டு. பெரிய வட்டத் தட்டில் நெய்ச் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் மற்றதுகளும் அடுக்கி, சுற்றிவர ஐந்தாறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. முஸ்லிம் கல்யாண வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தட்டு அவர்களுடையது, சாப்பிட்டு முடித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தத் தட்டு விஷயம் பிறகு பெரிய கதையாகும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஓடர் எடுக்கிற விதத்துக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். நான் "23 பேர், நாலு சஹன் போதுமா?" என்று ஒரு வரி அனுப்ப, அவர் கோல் எடுத்து ஒரு டொக்டர் மாதிரி விசாரித்தார். சின்னப் பிள்ளைகள் எத்தனை, உறைப்பு ஏலாதவர்கள் உண்டா, மாட்டிறைச்சி எடுக்காதவர்கள் யார், கீழே பாயில் இருப்பீர்களா மேசையா. பிறகு, "நடுச்சாமத்துப் பூசைக்குப் போயிட்டு வந்தா உங்கட ஆக்களுக்குக் காலைல பசிக்காது டீச்சர், பன்னிரண்டுக்கு வேணாம், ஒரு மணிக்குத் தாறன்" என்றார். எங்கள் வீட்டு வயிற்றை எங்களைவிடத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று சிரித்தேன். என் பெரியம்மா மகனின் மனைவி யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, மச்சம் மணத்தாலும் தாங்கமாட்டாள், அவளுக்கு வீட்டிலேயே ஏதாவது செய்கிறோம் என்று சொன்னேன். "ஏன், நாங்க செஞ்சா சாப்பிடமாட்டாவா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. சஹன் ஒன்று 7,000 ரூபாய், நாலுக்கு 28,000, கொண்டுவருகிற ஓட்டோவுக்கு 1,500, பாதிக் காசு முதலே பாங்கில் போடவேண்டும். சைவச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

24ஆம் திகதி இரவு புனித மரியாள் பேராலயத்தில் பூசை. வாசலில் வழக்கம்போல ஆமிக்காரர் பை பார்த்தார்கள், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்களுக்கு அது பழகிப்போன ஒரு செபம் மாதிரி, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தண்ணீர் தொட்டுச் சிலுவை போடுகிறோம். பாலன் குடிலுக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் ஒழுகி ஓர் இடையர் சரிந்து கிடந்தார், யாரும் நிமிர்த்தவில்லை, நான் உட்பட. சுவாமி பிரசங்கத்தில், நற்கருணைக்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லுக்கு அர்த்தமே நன்றி சொல்லுதல்தான் என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான், மறைக்கல்வி வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் கனடாவிலிருந்து வந்த அண்ணனின் மகன் தூங்கி விழுந்துகொண்டிருந்தான், அவனுக்கு அப்போது அங்கே பகலா இரவா என்று எனக்கே குழப்பம்.

சரி, நத்தார் மத்தியானத்துக்கு வருகிறேன்.

ஒரு மணி. வெளியே மழை ஊற்றுகிறது. வீட்டுக்குள் 23 பேர். அண்ணன் குடும்பம், வவுனியா அக்கா குடும்பம், உப்புவெளிச் சித்தப்பா வீட்டார், தம்பியின் மாமியார் வீட்டு ஆட்கள் (அவர்கள் மெதடிஸ்த, காலையில் தங்கள் ஆராதனை முடித்து நேராக வந்தவர்கள், ஆகவே காலை ஏழு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதவர்கள்). சாப்பாடு இல்லை. ஒன்றேகாலுக்குக் கோல் எடுத்தேன், "வெளிக்கிட்டாச்சு டீச்சர்" என்றார். இந்த நாட்டில் வெளிக்கிட்டாச்சு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றரைக்கு எடுத்தேன், பதில் இல்லை. பிள்ளைகள் கேக்கைத் தின்று தீர்க்கத் தொடங்கினார்கள். எனக்குள் வந்த வார்த்தைகளை நத்தார் தினத்தில் எழுத முடியாது.

அம்மாதான் சொன்னார், "சும்மா இருக்கிற நேரத்துக்கு நன்றி சொல்லி முடிப்பம்."

இதை விளக்கவேண்டும். எங்கள் வீட்டில் நத்தார்ச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்லவேண்டும், அதற்கு ஒரு சட்டம் உண்டு: கடவுளுக்குச் சொல்வது தனி, அதை எல்லோரும் சேர்ந்து செபத்தில் சொல்லிவிடுவோம். அதற்குப் பிறகு ஆளாளுக்குச் சொல்வது ஒரு மனிதருக்கு, பெயரோடு. பெயர் தெரியாவிட்டால் செல்லாது. அப்பா வைத்த சட்டம். அப்பா போய் மூன்று வருடமாகிறது, சட்டம் நிற்கிறது.

2004 நத்தார் விருந்து உப்புவெளியில் சித்தப்பா வீட்டில்தான் நடந்தது. மழையென்று இரவு எல்லோரும் அங்கேயே படுத்துவிட்டோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேத்தண்ணியும் மிச்சக் கேக்குமாக இருந்த நேரத்தில் கடல் வந்தது. சித்தப்பா வீட்டுக்கு அரைகுறையாகக் கட்டிய மேல்மாடி ஒன்று இருந்தது, அதில் ஏறினோம். பக்கத்து வளவில் மாடி இல்லை.

அதற்கு மேல் அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் விபரமாகக் கதைப்பதில்லை. ஆனால் அதன்பிறகு வந்த செபக் கூட்டங்களில் ஆட்கள் எழும்பி எழும்பி, ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னபோது, அப்பா ஒருநாளும் எழும்பவில்லை. கோயிலுக்குப் போகாமல் விட்டவரில்லை, செபமாலை ஓர் இரவுகூடத் தவறியதில்லை. ஆனால் தப்பியதுக்கு வாய்விட்டு நன்றி சொல்ல அவரால் முடியவில்லை. "சொன்னால் பக்கத்து வளவுக்காரர் காதில விழும்" என்றார் ஒருமுறை. அந்த வளவில் அப்போது யாரும் இல்லை.

2005 நத்தாருக்குத்தான் இந்தச் சட்டம் வந்தது. 26ஆம் திகதி பின்னேரம் நாங்கள் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஈர உடுப்போடு இருந்தபோது முதல்முதல் வந்த சோற்றுப் பார்சல் ஒரு பள்ளிவாசலில் சமைத்தது. பருப்பும் சோறும், நடுவில் ஒரு துண்டுக் கருவாடு. கொண்டுவந்த பெடியன் பார்சலை மடியில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். யார் சமைத்தது, அந்தப் பெடியன் யார், ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, அந்த நேரம். அதை நினைத்துத்தான் அப்பா, "ஆளின்ர பேரைக் கேட்டு வையுங்கோ" என்றார். வேறு பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை.

ஆக, சாப்பாடு வராத அந்த ஐம்பது நிமிடத்தில் நன்றிச் சுற்று நடந்தது. வழக்கமாகக் கறி ஆறுகிறதே என்ற அவசரத்தில் பதினைந்து நிமிடத்தில் முடிகிற சங்கதி, இந்த முறை ஆறுவதற்கு ஒன்றுமே இல்லாததால் ஆட்கள் விஸ்தாரமாக இறங்கிவிட்டார்கள். கனடா அண்ணி, பனிக்காலத்தில் தங்கள் வாசலையும் சேர்த்துப் பனி தள்ளிவிடுகிற பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் கிழவரைச் சொன்னார். பெயர் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒன்பது வருடமாகப் பக்கத்து வீடு, பெயர் தெரியாது. "செல்லாது! செல்லாது!" என்று ஆறு பிள்ளைகளும் கத்த, அண்ணி உண்மையாகவே முகம் சிவந்துபோனார். பெரியம்மா ஆஸ்பத்திரியில் தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிங்களத் தாதியின் பெயரை மூன்று முறை திருத்தித் திருத்திச் சரியாகச் சொன்னார். தம்பியின் மாமனார் மெதடிஸ்த முறைப்படி நீண்ட ஒரு செபமாகவே ஆரம்பித்து, இடையில் வயிறு சத்தம் போட, தானே சிரித்து ஆமென் சொல்லி முடித்தார்.

என் முறை வந்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. தலைக்குள் முழுக்க அந்த வராத ஓட்டோதான். யாரோ ஒரு சக ஆசிரியையின் பெயரைச் சொல்லித் தப்பினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன்.

ஒன்று ஐம்பதுக்கு ஓட்டோ வந்தது.

நான் ஏசுவதற்கு ஆயத்தமாகத்தான் வாசலுக்குப் போனேன். ஓட்டோ ஓடிவந்தது அவர்களின் மகன், இருபது வயதிருக்கும், தலையிலிருந்து தண்ணீர் வடிகிறது. பின்னால் நாலு சஹனையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகை வைத்துக் கட்டி, படங்கு போட்டு மூடி, அதற்கும் மேல் தன்னுடைய மழைக்கோட்டையும் போர்த்தியிருந்தான். சீனன்குடாப் பக்கம் ரோட்டில் தண்ணீர், வேகமாக ஓடினால் சோறு சரிந்துவிடும் என்று உருட்டிக்கொண்டு வந்தானாம். "சாப்பாடு நனையல்ல டீச்சர், நான்தான்." போன் எடுக்கவில்லையே என்றேன். போன் மழைக்கோட்டுப் பையில், மழைக்கோட்டு சஹனுக்கு மேலே. இதற்கு என்ன ஏசுவது? ஆனாலும் விமர்சனம் என்றால் விமர்சனம்: மழைக்காலத்தில் கிண்ணியாவிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஓட்டோவில் வருவதென்றால் ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடவேண்டும், அது அவர்களின் தொழில், அவர்கள்தான் யோசித்திருக்கவேண்டும். ஒரு புள்ளி வெட்டியது இதற்குத்தான்.

இப்போது சாப்பாடு. மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் கறுவாவும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது, இவ்வளவு தூரம் வந்தும் சூடு குறையவில்லை. சோறு உதிரி உதிரியாக, கையில் நெய் வழியாமல், ஆனால் விரல் மினுங்குகிற அளவுக்கு. அடியில் ஒரு பருக்கைகூடக் குழையவில்லை. கஜுவும் பிளம்ஸும் மேலே காட்டுக்குத் தூவியது மட்டுமில்லை, உள்ளே தோண்டத் தோண்ட வந்தது. ஒரு சஹனுக்கு ஆறு பெரிய கோழித் துண்டு, முதலில் அவித்து மசாலா ஏற்றிப் பிறகு பொரித்தது, எலும்போடு ஒட்டிய இறைச்சிவரை உப்புப் புளி ஏறியிருந்தது, இது எல்லாக் குசினிக்கும் கைவராத விஷயம். கத்தரிக்காய் கொஞ்சம் இனிப்புப் பக்கம், அது அவர்களின் கை, எனக்குப் பிடித்தது, சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நண்டு இல்லாத நாளில் சித்தப்பாவின் அபிப்பிராயத்தைக் கணக்கில் எடுக்கவேண்டியதில்லை. மிஞ்சிச் சம்பல் பச்சைப் பசேலென்று, அப்போதுதான் அரைத்த மாதிரி. அச்சாறுதான் அநியாயம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் கடுகுமாக அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, ஆறு பேருக்கு ஒரு கைப்பிடி வைத்தால் எப்படி? நாலாவது சஹனில் சோற்றுக்கு உப்பு ஒரு மட்டம் குறைவு. அந்தச் சஹனில் நான்தான் இருந்தேன், ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்.

சைவச் சாப்பாடு தனியாக ஒரு புது அலுமினியச் சட்டியில் வந்தது, வெளியில் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. அதற்கென்று சட்டி, அதற்கென்று கரண்டி, வேறு அடுப்பில் சமைத்தது என்று மகன் சொல்லித் தந்தான், உம்மா இதைக் கட்டாயம் சொல்லச் சொன்னார் என்றான். மரக்கறிச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கஜுக் கறி. எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை மூன்று தரம் போட்டாள், அந்தச் சட்டியில் நானும் ஒரு கரண்டி திருடினேன், உண்மையைச் சொன்னால் அன்றைய கறிகளில் முதலாவது அந்தக் கஜுக் கறிதான்.

ஒரே தட்டில் சாப்பிடுவதற்கு எங்கள் ஆட்கள் சம்மதிப்பார்களா என்று எனக்குப் பயம் இருந்தது. பீங்கான் எடுக்கவா என்று பெரியம்மா இரண்டு முறை கேட்டார், அண்ணி கைகழுவும் ஜெல் போத்தலை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு திரிந்தார். பாயை விரித்து இருந்த பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. முழங்கால் ஏலாதவர்களுக்கு ஒரு சஹனைச் சின்ன மேசையில் வைத்து நாலு பக்கமும் கதிரை போட்டோம், அப்படிப் போட்டதில் சித்தப்பாவும் தம்பியின் மாமனாரும் நேரெதிரே அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரு வேலிக் கதை உண்டு, நாலு வருடமாக நேரே கதைப்பதில்லை, எந்த விசேஷத்திலும் ஒருவர் மண்டபத்தில் இருந்தால் மற்றவர் முற்றத்தில். சஹனில் ஒரு மரியாதை இருக்கிறது, நல்ல துண்டை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது. இதைச் சித்தப்பாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கோழிக்காலைத் தள்ளினார். மாமனார் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்று சொல்லவில்லை. எடுத்துச் சாப்பிட்டார். வேலி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது, யாரும் ஒன்றும் கற்பனை பண்ணவேண்டாம்.

வட்டிலப்பத்தைப் பற்றி ஒரு வரி: கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும், வெட்டினால் ஆடவேண்டும் ஆனால் உடையக்கூடாது, அப்படியே இருந்தது. நாலு தட்டும் பத்து நிமிடத்தில் துடைத்தாயிற்று.

பின்னேரம் நான் நானாவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு பெருவிரல் அனுப்பினேன், மிச்சக் காசு போட்ட ரசீதோடு. இரவு பாத்திரம் கழுவும்போது அம்மா கேட்டார்.

"சமைச்ச பிள்ளையோட கதைச்சியா?"

"பெருவிரல் போட்டனான் அம்மா."

"அந்த ஒன்பது குஷ்டரோகியும் பெருவிரலைக் காட்டிப்போட்டுத்தான் போயிருப்பினம்."

பத்துப் பேர் சுகமாகி ஒருவன் மட்டும் திரும்பிவந்து இயேசுவின் காலில் விழுந்த கதை. அந்த ஒருவன் சமாரியன், வேற்று ஆள். லூக்கா 17ஆம் அதிகாரம். நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடத்தை வைத்தே என்னை அடித்தார். பிறகு, "ஆளின்ர பேர் என்ன?" என்றார். நானாவின் பெயர் போனில் இருந்தது. சமைத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் தட்டுகளை எடுக்க மகனை அனுப்பட்டுமா என்று கேட்பார் என்று பார்த்தேன். செய்தி வந்தது, ஆனால் வேறு மாதிரி: "டீச்சர் தட்டு இண்டைக்கு வேணாம். 26ல நாங்க வேலை செய்யிறல்ல. வீட்ல ஓதுறம்." சுனாமிக்கு 20 வருடம் நிறைவான நாள் அது. நாடு முழுக்க 30,000க்கும் அதிகமானோரை எடுத்த கடல் கிண்ணியாவையும் விட்டுவைக்கவில்லை, ஆஸ்பத்திரியையே அடித்துக்கொண்டு போனது. அன்று காலை 9.25க்கு வழக்கமான இரண்டு நிமிட மௌனத்துக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் எழும்பி நின்றோம், கனடாப் பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே நின்றார்கள். எனக்கு அந்தச் செய்திதான் கையில் இருந்தது. முதல்நாள் ஒன்றரை மணிக்கு இந்த மனிதரைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்தேன்.

தட்டுகளை நாங்களே கொண்டுபோகலாம் என்று அம்மா முடிவு செய்தார். வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது, அது எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டத்தைவிடப் பழைய சட்டம். நத்தார்க் கேக் இருந்தது, ஆனால் அது கார்த்திகையிலிருந்து பிரண்டியில் ஊறிய கேக், அவர்களுக்குக் கொடுக்கமுடியாது. எனவே அம்மா முழங்காலோடு நின்று புதிதாக ஒரு கேக் அடித்தார்: ரவை, முட்டை, பட்டர், கஜு, பூசணித் தோசி, இஞ்சித் தோசி, பிரண்டிக்குப் பதிலாகத் தோடம்பழச் சாறு. எசென்ஸ் போத்தலைக் கையில் எடுத்து, அதற்குள்ளும் அல்ககோல் இருக்குமென்று என்னை வாசிக்கச் சொல்லி, பிறகு அதையும் விட்டுவிட்டு ஏலக்காயும் சாதிக்காயும் இடித்துப் போட்டார். பழைய கேக்கைவிட இது நன்றாக வந்தது என்பது என் கருத்து, வீட்டில் சொல்லவில்லை.

28ஆம் திகதி போனோம். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில்தான், அதாவது அந்த மிதவையில்தான், களப்பைக் கடக்கவேண்டும். அப்போதென்றால் நாலு சஹன் சோறு சூடாகத் திருகோணமலைக்கு வருவது நடக்கிற காரியமா? 396 மீற்றர் பாலத்தை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டோம், அம்மா மடியில் கேக்கோடு இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சமைத்த ராத்தா, அதாவது அக்கா, வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கை முழுக்க மஞ்சள். அம்மா முதலில் பெயரைக் கேட்டார், கேட்டுத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். (பெயரை இங்கே எழுதமாட்டேன், நானாவுக்குக் கொடுத்த வாக்கு.) பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, நன்றி பிள்ளை, எங்கட வீட்டுக்காரர் இருந்திருந்தா அவரும் வந்திருப்பார் என்றார். நான் ஏதோ பெரிய கணமொன்றை எதிர்பார்த்து நின்றேன். ராத்தா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை, நேரே என்னைப் பார்த்து,

"சோத்துக்கு உப்பு எப்பிடி?" என்றார்.

நத்தார்க் காலம், கையில் கேக், பக்கத்தில் அம்மா. பொய் சொல்லியிருக்கலாம். "மூண்டு சஹன்ல நல்ல சரி. ஒண்டில கொஞ்சம் குறைவு" என்றேன்.

அவர் உடனே திரும்பி நானாவைப் பார்த்தார். "கடைசித் தாச்சி! நான் சொன்னேனா இல்லையா? அவசரப்படுத்தாதீங்க, ருசி பாக்கணும் எண்டு சொன்னேனா இல்லையா?"

நானா மழையைப் பற்றி ஏதோ சொன்னார். ராத்தா அதையும் கேட்கவில்லை, கேக்கை வாங்கி உள்ளே போய், திரும்பி வரும்போது ஒரு மண்சட்டி நிறைய எருமைத் தயிர் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். தயிரைத் தின்று முடித்து ஒரு கிழமையாகிறது, சட்டி கழுவிக் குசினி யன்னலில் கவிழ்த்துக் கிடக்கிறது. அதற்குள் என்ன வைத்துக் கொடுப்பது என்று அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை.

எடுக்க நினைப்பவர்களுக்கு: குறைந்தது பத்து நாளுக்கு முதல் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்துதான் ஓட்டோ வெளிக்கிடும், 26 டிசம்பர் கேட்கவேண்டாம். ஒரு மணிக்குச் சாப்பாடு தேவையென்றால் பன்னிரண்டு என்று சொல்லிவையுங்கள். வருகிற நத்தாருக்கு நான் இப்போதே ஐந்து சஹன் சொல்லிவிட்டேன், அச்சாறு இரண்டு மடங்கு என்று எழுதியும் அனுப்பியிருக்கிறேன். பெருவிரல் ஒன்று வந்திருக்கிறது.